இரண்டு பக்கமும் வருகிற தாத்தா

ஜன்னலோர இரும்புக் கட்டிலில், முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து, நம்பிராஜன். கட்டில் காலில் சாய்ந்து, மடியில் பரீட்சை அட்டையும் கோடு போட்ட தாளுமாக அவர் மனைவி கோகிலவாணி. ‘மாலா’ என்கிற மேல்தட்டுக்கு ஏறும் ஏணியின் மூன்றாம் படியில் மகள் ஷாலினி. கையில் நிரப்பவேண்டிய ஆஸ்பத்திரிப் பாரம். வாசலை அடைத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெயினுலாப்தீன். முப்பது வருஷமாக நம்பிராஜனோடு கூட்டாகத் தாராவியில் முலாம் பட்டறை நடத்துகிறவர். நடுத்தரையில் ஒரு பெட்டி லட்டு.

லட்டுக்குக் காரணம் காலையில் வந்த போன். நம்பிராஜனுக்குக் கணையத்தில் புற்றுநோய். பரம்பரையாக இறங்கும் ஒரு கோளாறு அவர் ரத்தத்தில் இருப்பதாகச் சொல்லி, ஷாலினிக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். அவளுக்கு இல்லை. நாலு நாளாகக் கஞ்சிகூட இறங்காத மனுஷன், அதைக் கேட்டதும் லட்டு வாங்கச் சொல்லி ஒரே ஒரு பூந்தியை நாக்கில் வைத்துக்கொண்டார்.

பாரத்தை நிரப்பவேண்டும், ரத்த சொந்தங்களுக்கு விஷயத்தைச் சொல்லவேண்டும் என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு.

“வேலை செய்யுற எடத்துல கெமிக்கல் உண்டா?” ஷாலினி வாசித்தாள்.

ஜெயினுலாப்தீன் நாற்காலியை முன்னே இழுத்தார். “எழுதும்மா. நிக்கல் தொட்டி, ஆசிட் புகை. புகையிழுக்குற பெரிய பேன் மாட்டணும்னு இவன் சொல்லுறப்பல்லாம் அடுத்த மாசம் பாப்போம்னது நாந்தான். என் பேரையும் போட்டுக்க.”

“அதெல்லாம் இல்ல அண்ணாச்சி,” என்றாள் கோகிலவாணி. “பீடிய நான் முன்னாடியே பிடுங்கிப் போட்டிருக்கணும்.”

“ஏ, என் ஒருத்தன் சாவுக்கு இத்தன பேரா போட்டி?” என்றார் நம்பிராஜன். “லைன்ல நில்லுங்க.”

“ஒண்ணுதான் காரணம்னு யாரும் கைகாட்ட முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல,” என்றாள் ஷாலினி. “சரி, அடுத்தது. குடும்பத்துல வேற யாருக்காவது கேன்சர்?”

“யாருக்கும் கிடையாது,” என்றாள் கோகிலவாணி. “அத்தை மஞ்சக்காமாலையில போனாங்க. எங்க அப்பாவுக்கும்...”

நிறுத்திக்கொண்டாள். கட்டிலில் இருந்தவரின் கண்ணில் மூன்று மாதமாக இருக்கிறது அதே மஞ்சள். அவள் சொன்ன அத்தை, நம்பிராஜனின் அம்மா சொர்ணம்மாள். அவளுடன் பிறந்த தம்பி கோகிலவாணியின் அப்பா. இரண்டு பேருக்கும் வெறும் மஞ்சக்காமாலை என்று நினைத்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தே வழியனுப்பியிருந்தார்கள்.

ஷாலினி பாரத்தில் அப்பா பக்கம், அம்மா பக்கம் என்றிருந்த இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “அரே, இந்தத் தாத்தாவ எங்க போடுறது? அப்பாவுக்குத் தாய்மாமா, அம்மாவுக்கு அப்பா. ரெண்டு பக்கமும் வர்றாரு!”

“எங்க கல்யாணத்துலயும் அப்படித்தான்,” என்றார் நம்பிராஜன். “மாப்பிள்ளை வீட்டுப் பந்தியிலயும் சாப்ட்டாரு, பொண்ணு வீட்டுப் பந்தியிலயும் சாப்ட்டாரு.”

சிரித்துச் சிரித்து ஷாலினி ஏணியிலிருந்து இறங்கிவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார், “அப்போ மாரிக்கும் சொல்லணும்.”

கோகிலவாணியின் தம்பி மாரிசெல்வம் பணகுடியில் இருக்கிறான். அவன் மகனுக்கு ஷாலினியைக் கொடுக்கவில்லை என்று ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. போன் செய்தால் எடுப்பதில்லை. நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி.

“சாவு, கேதம்னா வராமலா போயிருவான்? அப்பம் சொன்னா போச்சு,” என்றார் ஜெயினுலாப்தீன்.

“கேதத்துல சொன்னா அழுவான், ஒரு பீடியப் பத்த வைப்பான், ரயிலேறிருவான். அவனச் சிரிக்க வச்சாத்தாம்வே காரியம் நடக்கும். வாணி, எழுது.”

அம்பாசமுத்திரம் பள்ளிக்கூடத்தில் கற்றபடி, வலது மூலையில் இடம், அதன்கீழ் தேதி, விளி எல்லாம் எழுதி, ‘நலம், நலமறிய ஆவல்’ என்ற இடத்தில் அவள் பேனா தயங்கியது.

“நலம்னே இருக்கட்டும்,” என்றார் நம்பிராஜன். “லட்டு தின்னிருக்கேம்லா.”

பிறகு மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். “பொண்ணு குடுக்கலன்னு கோவப்பட்டியே மாப்ள, உங்க அப்பாவும் எங்க அம்மாவும் நமக்கு வேற ஒரு சொத்து வச்சிருக்காங்க. உம் பங்கு இருக்கா இல்லையான்னு வந்து ரத்தம் குடுத்துப் பாத்துக்க. பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. இருந்தாலும் எனக்கு வந்த கேன்சர் உனக்கும் வந்தே தீரும்னு இல்ல. ஆனா பீடி அதுக்குத் தூபம் போடும், இன்னிக்கே விடு. நான் விட்டது லேட்டு.”

கோகிலவாணி அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதினாள்.

எட்டிப்பார்த்த ஜெயினுலாப்தீன், “தங்கச்சி, இது தம்பிக்கு லெட்டரா, முனிசிபாலிட்டிக்கு மனுவா?” என்றார்.

நம்பிராஜன் சிரித்துக்கொண்டே அவள் தோளில் கை வைத்தார். “நீயும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்லா வாணி.”

“முதல்ல லெட்டர முடிப்போம் அத்தான்,” என்றாள், தலை நிமிராமல்.

மூன்றாம் எண்ணை அடித்தல் திருத்தல் இல்லாமல் முடித்துவிட்டு, “வாசிக்கட்டுமா?” என்று கேட்டாள். தோளில் கை அப்படியே கனத்துக் கிடந்தது. ஜெயினுலாப்தீன் கையிலிருந்த பாதி லட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே யாரோ யாரையோ தண்ணீர் பிடிக்கக் கூப்பிட்டார்கள்.

நம்பிராஜன் இறந்த கேதச் செய்தியைச் சொந்தக்காரர் ஒருவர் பணகுடிக்கு ஆள்விட்டுச் சொன்னார். மாரிசெல்வம் கேட்டுக்கொண்டானாம். பதினாறுக்கு வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கோகிலவாணி கடிதத்தை எடுத்தாள். ‘நலம்’ என்பதை அடிக்கவில்லை. தேதியையும் மாற்றவில்லை. அடியில் இரண்டு வரி மட்டும் சேர்த்தாள்: ‘வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை, சும்மா ரத்தம்தான். நானும் உன் வருகைக்காகக் கொடுக்காமல் இருக்கிறேன்.’ நாலாக மடித்து, உறையில் இட்டு, பசையை ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினாள்.

“நான் போயிட்டு வர்றேம்மா,” என்றாள் ஷாலினி.

“நானே போறேன்.”

தபாலாபீஸ் கவுண்டரில் இருந்த பெண் உறையை எடைபோட்டாள். “பேஜ்னேவாலே கா நாம்?” என்று அனுப்புகிறவர் பெயரைக் கேட்டாள்.

“நம்பிராஜன்.”

“மொபைல் நம்பர்?”

கோகிலவாணி பத்து எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தப் பெண் ஒரு சீட்டை ஒட்டி, முத்திரை குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்குப் பையில் போட்டாள்.

படியிறங்கும்போது, கோகிலவாணியின் கைப்பைக்குள் அத்தானின் போன் ஒரு தடவை ஒலித்தது. தபால் கிளம்பிவிட்டது என்று அவருக்குச் செய்தி வந்திருந்தது.