அத்தி இலையில் ஆகஸ்ட் மழை

என் தங்கை யுஸ்ராவுக்கு அக்டோபர் இரண்டாம் வாரத்தில் முதல் பிரசவம். கணவாய்க்கு அந்தப் பக்கம், ஸஹ்லேயில் அவளுக்கு மாமியாரும் இல்லை, நாத்தனாரும் இல்லை. புருஷன் ரொட்டி அடுப்பே கதியென்று கிடப்பவன். 'அக்கா, நீ வந்துவிடு' என்று ஜூன் மாதமே கடிதம் எழுதினாள். வந்துவிடுகிறேன் என்று நானும் மறுதபாலில் எழுதிப் போட்டுவிட்டேன். எழுதும்போது கிஷ்க் என் ஞாபகத்தில் இல்லை.

எங்கள் வீட்டில் கிஷ்க் போடுவது அக்டோபரில். அவித்து உடைத்த கோதுமையைத் தயிரில் ஒன்பது நாள் புளிக்கவைத்து, தட்டையான மண் கூரைமேல் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பி, காயக் காய உள்ளங்கையால் தேய்த்து மாவாக்க வேண்டும். தேய்ப்பு மட்டும் ஒரு வாரம். குளிர்காலம் முழுவதும் காலைக் கஞ்சி அதில்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட வந்து தேய்ப்பார்கள். ஆனால் வீட்டு மருமகள் இல்லாமல் கிஷ்க் தேய்த்தார்கள் என்று எங்கள் மலையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதில் என் மாமனார் தன்னூஸிடம் கேட்டுப் பயனில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் எந்த வேலை எந்த மாதம் என்பதை அவரும் தீர்மானிப்பதில்லை. உப்புதான் தீர்மானிக்கும்.

சிலுவைத் திருநாளுக்கு முந்தைய மாலை, செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி, அவர் பன்னிரண்டு அத்தி இலைகளைப் பறித்துக் கூரை ஓரத்துக் கல்லில் வரிசையாக வைப்பார். இலைக்கு ஒரு சிட்டிகை உப்பு. ஓர் இலை ஒரு மாதம். அக்டோபரில் தொடங்கி அடுத்த செப்டம்பரில் முடியும். விடியுமுன் போய்ப் பார்ப்பார். இரவுப் பனியில் எந்த இலையில் உப்பு நனைந்திருக்கிறதோ அந்த மாதம் மழை. காய்ந்திருந்தால் மழையில்லை. அதை நோட்டில் எழுதி, பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊருக்கே படிப்பார். முப்பத்திரண்டு வருடங்களாக நடக்கிறது. கடைக்கார மில்ஹிம், மாமா ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லமாட்டாரா என்று அதே முப்பத்திரண்டு வருடங்களாகக் காத்திருக்கிறார்.

என் கணக்கு எளிது. அக்டோபர் இலை நனைந்தால் அக்டோபரில் மழை. மழையில் கிஷ்க் காயாது. ஆகவே கிஷ்க் வேலையை இந்த மாதமே முடித்தாக வேண்டும். முடித்தால் நான் ஸஹ்லேக்குப் பஸ் ஏறலாம்.

திருநாள் நெருப்பு மூட்ட எல்லோரும் கீழே முற்றத்தில் சுள்ளி அடுக்கிக்கொண்டிருந்தபோது, புதினாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போவதுபோல் மேலே போனேன். அங்கேதான் சிக்கல். வரிசையில் எந்த முனை அக்டோபர் என்று எனக்குத் தெரியவில்லை. மாமா குறி போடமாட்டார். குறி போட்டால் கை நீளும் என்பார். வலது முனையா, இடது முனையா? நின்று யோசிக்க நேரமில்லை. விரலைத் தண்ணீரில் தொட்டு இரண்டு முனை இலைகளிலும் தெளித்துவிட்டு இறங்கிவந்தேன். செப்டம்பரும் நனையுமே என்றால், அது அடுத்த செப்டம்பர். அதற்குள் யார் கேட்கப்போகிறார்கள்?

மறுநாள் விடியற்காலை மாமா பென்சிலும் நோட்டுமாகக் கூரைக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம்: நான், என் வீட்டுக்காரர் நஸீப், அவர் தங்கை லபீபா. மாமா குனிந்து ஒவ்வோர் இலையையும் விரலால் தொட்டுப் படித்தார்.

"அக்டோபர், ஈரம்."

நான் மலையைப் பார்த்தேன்.

"நவம்பர், ஈரம். டிசம்பர் காய்ஞ்சிருக்கு. ஜனவரி, ஈரம். பிப்ரவரி காய்ஞ்சிருக்கு. மார்ச், ஈரம். ஏப்ரல், மே காய்ஞ்சிருக்கு. ஜூன்..."

அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஜூன், ஈரம். ஜூலை காய்ஞ்சிருக்கு. ஆகஸ்ட், ஈரம். செப்டம்பர், ஈரம்."

எங்கள் மலையில் ஆகஸ்டில் மழை பெய்ததாக மாமாவின் தாத்தாகூடச் சொன்னதில்லை.

"உலகமே கெட்டுப்போச்சுப்பா" என்றார் நஸீப்.

"அப்படித்தான் தெரியுது" என்றார் மாமா. "ஒன்பது மணிக்குப் பூசை. அதுக்கப்புறம் ஆகஸ்டுல மழைன்னு ஊருக்குச் சொல்லணும். மில்ஹிம் பாவம், ரொம்ப நாளாக் காத்துக்கிட்டிருக்கான். சந்தோஷப்படுவான்."

"அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டுச் சொல்லுங்களேன் மாமா" என்றேன்.

"உப்பு சொன்னதை விடறதுக்கு நான் யாரும்மா?"

கூரையிலேயே காலைச் சாப்பாடு. கோர்த்துத் தொங்கவிட்ட சிவப்பு மிளகாய்ச் சரங்களுக்குக் கீழே பாய் விரித்து, தயிர்க்கட்டி, ஆலிவ், சூடான ரொட்டி. லபீபா ஒரு கையால் சாப்பிட்டபடி, மடியில் பாதி பின்னிய வைக்கோல் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வழக்கம்போல் வலது பக்கத்துப் பல்லில் மட்டும் மென்றார். இடது பக்கக் கடைவாய்ப்பல் சொத்தை. குளிர் போகட்டும், மார்ச்சில் பாதை காய்ந்ததும் பெய்ரூட் போய்ப் பிடுங்கிக்கொள்கிறேன் என்று லபீபாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

முதலில் வாயைத் திறந்தவர் நஸீப்.

"அப்பா, ஒரு விஷயம். நேத்து கோழியை அடைக்க மேல வந்தேன்ல. கையில தண்ணிச் சொம்பு இருந்துச்சு. ஆகஸ்டுமேல தெறிச்சிருக்கும்னு நினைக்கிறேன்."

"ஆகஸ்டு மேல மட்டுமா?"

"மட்டும்தான்."

மாமா நோட்டைப் பிரித்து ஆகஸ்டை அடித்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. தோட்டத்தில் இடிந்து கிடக்கும் கல்வரப்பை நவம்பரில் கட்டுவதாக மூன்று வருடங்களாக நஸீப் சொல்லிக்கொண்டிருந்தார். நவம்பரில் மழை என்றால் நாலாவது வருடமும் தப்பிக்கலாம். இரண்டாவது இலை நவம்பர். மறு முனையிலிருந்து எண்ணினாலும் இரண்டாவது இலைதான். ஆனால் அது ஆகஸ்ட். அவருக்கும் எந்த முனை என்று தெரியவில்லை.

"ஜூன் என்னோடதுப்பா" என்றாள் லபீபா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "துவைச்ச விரிப்பை எடுக்க வந்தேன். நுனி இன்னும் காயல. பட்டிருக்கும்."

"ஜூன்ல மட்டும் பட்டுச்சா?"

"விரிப்பு சின்னதுப்பா."

ஜூனும் அடிபட்டது. லபீபாவின் படுக்கைக்கு நேர் மேலே கூரை ஒழுகும். ஜனவரி முழுக்க மழை என்று உப்பே சொல்லிவிட்டால், மண் கூரையைப் பெயர்த்துவிட்டு சிமெண்ட் போட மாமா சம்மதிப்பார் என்பது அவள் எண்ணம். நாலாவது இலை ஜனவரி. மறு முனையிலிருந்து நாலாவது ஜூன்.

இனி என் முறை. மாமா என்னைப் பார்க்கவில்லை. ஆலிவ் கொட்டையை எடுத்துத் தட்டோரம் வைத்தார்.

"செப்டம்பர் நான்தான் மாமா" என்றேன். "புதினாவுக்குத் தண்ணி ஊத்தினப்போ."

"செப்டம்பர் மட்டும்."

"ஆமா."

"நல்லது" என்று அதையும் அடித்தார். "மூணு பேரும் உண்மையைச் சொன்னீங்க. இல்லேன்னா மில்ஹிம் முன்னாடி என் மானம் போயிருக்கும். மிச்சம் இருக்கறது உப்பு சொன்னது. அக்டோபர், நவம்பர், ஜனவரி, மார்ச். அதுபடி வேலையைப் பிரிச்சுடலாம்."

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ரொட்டியைப் பிட்டோம்.

"நஸீப். நவம்பர்ல மழைன்னா இடிஞ்ச வரப்பு வழியா மண்ணெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும். அதனால நாளைக்கே கட்ட ஆரம்பிச்சுடு. அக்டோபருக்குள்ள முடியணும்."

நஸீப் மெல்லுவதை நிறுத்தினார்.

"லபீபா. ஜனவரி மழைக்குக் கூரை தாங்கணும். வைக்கோல் மண் ரெண்டு பூச்சு. மிதிச்சுக் குழைக்கறது நீ. அப்புறம் மழை பெய்யற ஒவ்வொரு நாளும் விடிஞ்சதும், கூரை மண் இறுகறதுக்குக் கல்லுருளையை உருட்டணும்."

"அந்த உருளையை ரெண்டு ஆளு உருட்டணும்ப்பா."

"அண்ணன் அதுக்குள்ள வரப்பைக் கட்டி முடிச்சிருப்பான்."

என் பக்கம் திரும்பினார். நான் தயாராக இருந்தேன்.

"நஜ்லா. அக்டோபர்ல மழை. அதனால கிஷ்க்கை இந்த மாசமே முடிச்சுடணும். தயிருக்கு இன்னைக்கே உறை ஊத்திடு."

"சரி மாமா" என்றேன். கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டேன்.

"அப்புறம் யுஸ்ராவுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுடும்மா. வர முடியாதுன்னு."

கையிலிருந்த ரொட்டி கையிலேயே நின்றது. "ஏன் மாமா?"

"மழையில ஸஹ்லே பஸ் கணவாயைத் தாண்டுமா? போன தடவை அந்தச் சேத்துல ரெண்டு நாள் நின்னுச்சு, ஆடு, கோழி, பாதிரியாரோட. மருமகளை அதுல ஏத்தி விடச் சொல்றியா? உப்பே சொல்லிடுச்சு. நான் என்ன பண்ண?"

நஸீப் இருமினார். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும். கூரைக்குக் கீழே தோட்டத்தில் பூசணிக்காய்கள் வெயிலில் கிடந்தன. அவற்றை எண்ணுவதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டால் கிஷ்க்கும் நான்தான் தேய்க்க வேண்டும், பயணமும் இல்லை. திறந்தால் அக்டோபர் காய்ந்துவிடும், கிஷ்க் அக்டோபருக்கே போய்விடும், அப்போதும் பயணம் இல்லை. எப்படியும் இல்லை என்றால் பொய்யைச் சுமப்பது எதற்கு? யுஸ்ராவுக்கு எழுதும் கடிதத்திலாவது உண்மையான காரணத்தை எழுதலாம்.

"மாமா, அக்டோபரும் நான்தான்" என்றேன். "ரெண்டு முனையையும் நனைச்சேன். எது அக்டோபர்னு தெரியல. யுஸ்ராகிட்ட போகணும். கிஷ்க் முன்னாடியே முடிஞ்சுடும்னு நினைச்சேன்."

மாமா பென்சிலை எடுத்து அக்டோபரை நிதானமாக அடித்தார்.

"முதல், ரெண்டாவது, நாலாவது" என்றார். "அந்த முனையிலேர்ந்து எண்ணினாலும் முதல், ரெண்டாவது, நாலாவது. நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். பனி இவ்வளவு ஒழுங்கா இறங்காது. பனி பேர்ல பழி போடறவங்கதான் இப்படி இறக்குவாங்க." என்னைப் பார்த்தார். "சரி. அக்டோபர் காய்ஞ்சாச்சு. பஸ் போகும். நீ போயிட்டு வா."

"கிஷ்க்?"

"அதுக்கென்ன. அக்டோபர்லயே தேய்க்கலாம்." அவர் மற்ற இருவர் பக்கமும் திரும்பினார். "நவம்பரும் ஜனவரியும் உப்பு தானாச் சொன்னது. இவங்க ரெண்டு பேர் கையும் சுத்தம். சுத்தமான கைதானே கிஷ்க்குக்கு வேணும்?"

நஸீப் லபீபாவைப் பார்த்தார். லபீபா நஸீப்பைப் பார்த்தாள். இப்போது ஒப்புக்கொண்டால் என்ன மிஞ்சும் என்று இருவரும் மனதுக்குள் கூட்டிக் கழிப்பது தெரிந்தது.

"அப்பா" என்று தொடங்கினார் நஸீப்.

"மணி அடிச்சாச்சு" என்று எழுந்தார் மாமா. "பூசைக்கு நேரமாச்சு."

கோயில் முற்றத்தில் அவர் நவம்பர், ஜனவரி, மார்ச் என்று மூன்றைத்தான் படித்தார். மில்ஹிம் ஏமாற்றத்துடன் கடைக்குப் போனார்.

அக்டோபர் எட்டாம் தேதி நான் பஸ் ஏறினேன். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பதினோராம் தேதி யுஸ்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருபதாம் தேதி லபீபாவின் கடிதம் வந்தது.

'அன்புள்ள அண்ணி, கிஷ்க் முடிந்தது. ஊர்ப் பெண்கள் பதினோரு பேர் வந்தார்கள். தேய்க்க இல்லை, அண்ணன் தேய்ப்பதைப் பார்க்க. அவர்கள் அண்ணனுக்குத் தலையில் துணி கட்டிவிட்டார்கள். முழங்கை வரை மாவு. மூக்கைச் சொறிந்ததில் மூக்கிலும் மாவு. மில்ஹிம் கடையை அடைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வரப்பு முடிந்தது. மண் குழைத்து என் கால் வெடித்துவிட்டது. அடுத்த வருடம் எந்த முனை அக்டோபர் என்று மட்டும் எப்படியாவது கண்டுபிடி.'

அதைப் படித்துவிட்டுத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று தட்டியது. கூடத்துக் கரியடுப்பிலிருந்து ஒரு துண்டுக் கரியை எடுத்து, தரையில் பன்னிரண்டு கோடு போட்டேன். மார்ச் ஆறாவது. மறு முனையிலிருந்து ஆறாவது ஏப்ரல். ஏப்ரல் காய்ந்திருந்தது.

மார்ச்சை நனைத்தவருக்கு எந்த முனை எது என்று தெரிந்திருக்கிறது.

அன்றே மாமாவுக்கு எழுதினேன். குழந்தையின் எடை, யுஸ்ராவின் சுகம், நான் திரும்பும் தேதி எல்லாம் வரிசையாக எழுதி, கடைசியில் இதையும் கேட்டேன்: 'மார்ச்சில் மழை என்றால் பெய்ரூட் பாதை எப்படி இருக்கும் மாமா? பல்லுக்கு என்ன செய்வதாக உத்தேசம்?'

ஐந்தாம் நாள் பதில் வந்தது, கூடவே ஒரு பை கிஷ்க்கும். அவருடைய அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம். மாதுளைப் பாகு எத்தனை குப்பி வந்தது, எந்தக் கோழி முட்டையிடுவதை நிறுத்தியது, நஸீப் தேய்த்த கிஷ்க் கொஞ்சம் கரகரவென்றுதான் இருக்கிறது, குழந்தைக்கு என்ன பெயர் என்று எல்லாம் இருந்தது. கையெழுத்துக்குக் கீழே, பென்சிலில், பொடி எழுத்தில் ஒரு வரி:

'அன்று கூரையில் அந்த இடத்தில் மட்டும் பனி கொஞ்சம் அதிகம், நஜ்லா. லபீபாவிடம் சொல்ல வேண்டாம்.'