வடக்குப் பக்கத்து வைக்கோல்

வடக்குச் சுவரடியிலிருந்து மூன்று வைக்கோல் கட்டுகளை ஓரெஸ்ட் தூக்கிக்கொண்டு போனபோதே வேண்டாம் என்றேன். இந்தச் சமவெளியில் குளிர் தொடங்குமுன், வீட்டடியில் காற்று புகாமலிருக்க, வீட்டைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கிவிடுவோம். தரைப் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் தவழும் அளவுக்கு இடம். தண்ணீர்க் குழாய் அதற்குள்தான் ஓடுகிறது. பனி உருகும்வரை அந்தக் கட்டுகளில் யாரும் கைவைக்கமாட்டார்கள். என் கணவன் வைத்தான். பசு நாள் ஆகுமுன்பே கன்று போட்டுவிட்டதாம், அதற்குப் படுக்கை வேண்டுமாம்.

"ரேடியோவுல கேட்டியா? வெளிய மைனஸ் முப்பது. காத்தோட சேர்த்தா நாப்பத்தஞ்சு மாதிரி இருக்குமாம்" என்றேன்.

"அது மனுஷத் தோலுக்குச் சொல்ற கணக்கு, ஸ்டெஃபா. குழாய்க்கு ஏது தோலு? எவ்வளவு காத்து அடிச்சாலும் அது முப்பதுக்குக் கீழ போகாது."

"ஏன், உறையறதுக்கு முப்பது பத்தாதா? காத்து உள்ள பூந்தா சீக்கிரம் உறையும். அதைத்தான் சொல்றேன்."

"வந்துட்டாங்க வாத்தியாரம்மா."

அவன் சொன்னதில் பாதி சரி. பாதி சரியான ஆளோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம். முழுக்கத் தப்பென்றால் சண்டை போட்டாவது ஜெயித்துவிடலாம்.

மதியம் பீட்ரூட் சூப்புக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. ஓரெஸ்ட் என் முகத்தைப் பார்க்காமல் கொட்டகைக்குப் போய், உறைந்த குழாயைச் சூடுகாட்ட, தீ பீய்ச்சும் கேஸ் டார்ச்சை எடுத்துவந்தான்.

"அது வேணாம். முடி காயவைக்கிற மிஷின் இருக்கு, அதைக் கொண்டுபோ."

"எதுக்கு, குழாய்க்குச் சடை பின்னவா?"

சமையலறைத் தரையின் கதவைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கினான். சுற்றிலும் வைக்கோல் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நான் மட்டும் ஜாக்கிரதையாக இருப்பேன் என்று ஒவ்வொருவனும் நம்புகிறான். போன குளிரில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வீடு அப்படித்தான் எரிந்தது.

கதவருகே மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன். அவனுடைய பூட்ஸ் உரசும் சத்தம் கேட்டது. பிறகு டார்ச்சின் சீறல். பிறகு புகை வாடை.

"ஓரெஸ்ட்?"

"காத்து தீயைத் திருப்பி அடிச்சிருச்சு." அவன் குரல் மெல்லியதாக வந்தது. "உள்ள உதிர்ந்து கிடந்த வைக்கோல் பத்திக்கிச்சு. கோட்டு ஆணியில மாட்டியிருக்கு, நகர முடியல. தண்ணி கொண்டா, ஸ்டெஃபா."

நான் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை என்றுதான் அவன் கீழேயே போனான். அது தெரிந்தும் திறந்தேன். வெறும் குழாயைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. அவன் எரிந்துபோவான், நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது.

கோட்டுகூடப் போடாமல் பனி வாரும் மண்வெட்டியோடு வடக்குப் பக்கம் ஓடினேன். காற்று முகத்தைத் தோலுரித்தது. கட்டுகள் இருந்த இடத்தில் வீட்டடியை மூடிய பலகைகளின் இடுக்குகள் சிவப்பாகத் தெரிந்தன. ஒரு பலகையைப் பெயர்த்தேன். காற்று உள்ளே பாய்ந்து தீ குபீரென்று எழுந்தது. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். கை நிற்கவில்லை. பனியை வாரி வாரி உள்ளே தள்ளினேன். அவன் பெயரைச் சொல்லித் தள்ளினேன், அவனைத் திட்டித் தள்ளினேன். விரல்கள் மரத்துப்போயின.

சிவப்பு அணைந்தது. உள்ளே இருட்டு. கூப்பிட்டேன். பதில் இல்லை.

சமையலறைக்குத் திரும்பி ஓடினேன். தரைக் கதவின் விளிம்பில் ஒரு கை மட்டும் தெரிந்தது. பிடித்து இழுத்தேன். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தான். புருவம் கருகியிருந்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தேன், பிறகு கட்டிக்கொண்டேன்.

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு. குரல்தான் வரல" என்றான்.

அப்போது கீழே தண்ணீர் பீறிடும் சத்தம் கேட்டது. பனிக்கட்டி உருகிவிட்டது. குழாய் எங்கோ வெடித்திருந்தது. தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நிறுத்தாவிட்டால் வீட்டடி முழுக்க விடிவதற்குள் பனிப்பாறையாகிவிடும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவன் எழப் பார்த்தான்.

நான் அவன் சட்டையை விடவில்லை.

"ஓடட்டும்" என்றேன்.