யார் இடிக்கச் சொன்னது?

நகராட்சி ஆட்கள் வந்து, வீட்டின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாகச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் மீதி வீடு முழுக்க. இந்தப் பக்கம் முன்னறை மட்டும். சாலை அகலமாகப் போகிறதாம், முன்னறை அதற்கு வேண்டுமாம்.

முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் யூனிபார்ம் எல்லாம் அங்கேதான் தைத்தது. மகளைக் காலேஜ் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனதும் அந்த அறையில் ஓடிய மெஷின்தான். அந்தக் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள். மாமா அவளை டிகிரி என்றேதான் கூப்பிடுவார், பாதி கேலி, பாதி பெருமை. நகராட்சி நோட்டீஸ் வந்ததும், படித்துச் சொல்லட்டும் என்று எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"நாமளே இடிச்சுக்கிட்டா கதவு, ஜன்னல், செங்கல் எல்லாம் நமக்கு," என்றாள் மகள். "அவங்க வந்து இடிச்சா எல்லாம் தூள். இடிச்ச செலவையும் நம்ம தலையிலதான் கட்டுவாங்க."

நோட்டீஸில் அப்படித்தான் இருந்தது. ஒரு வார்த்தை பொய்யில்லை.

மாமா அம்மாவுக்குத் தம்பி, கொத்தனார். அந்த அறையைக் கட்டியதே அவர்தான். "நான் வச்ச கல்லு மேல எவனோ புல்டோசர் ஏத்துறதா? என் கையாலேயே எடுத்துர்றேன்கா," என்றார். பேன் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தார். சுண்ணாம்பைச் சுரண்டி, உடையாத கல்லைத் தனியாக அடுக்கினார். ஜன்னல் கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை.

பக்கத்து ரெடிமேட் கடைக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். பளபளா சட்டை விற்பவர் என்பதால் தெருவே அவரை ஜிகினா என்றுதான் கூப்பிடும். அவர் சுவரிலும் அதே கோடுதான்.

"என்னக்கா, கூப்பிடுறதுக்கு முன்னாடியே பந்தியில உக்காந்துட்டீங்க?"

"சட்டத்தை மதிக்கணும்ல அண்ணே," என்றாள் மகள்.

"நல்லா மதிம்மா. நான் கோட்டு மேல ஒரு பேன்ட்ட தொங்கவிட்டிருக்கேன். சட்டம் வந்து சைஸ் பாத்துட்டுப் போகட்டும்."

தெருவில் வேறு யாரும் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கவில்லை. படிக்காத சனம், சோம்பேறிகள் என்று மகள் நினைத்தாள். வாய்விட்டும் சொன்னாள்.

தெருக்கோடியில் ஒரு பெரிய கிடங்கு. கோடு அதையும் பிளந்துகொண்டு போனது. கிடங்குக்காரர் யாரைப் பார்த்தாரோ, என்ன பேசினாரோ, சாலைத் திட்டமே வேண்டாமென்று ஆகிவிட்டது. ஜிகினா பேன்ட்டை எடுத்துவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தார்.

மாமா அன்றைக்கே சிமென்ட் இறக்கினார். முதல் வரிசைக் கல் வைப்பதற்குள் நகராட்சி ஆள் வந்து நின்றான். அனுமதி இல்லாமல் கட்டக் கூடாதாம். சரி, வாங்கிவிட்டால் போச்சு என்று மகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

அதிகாரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "முடியாதும்மா. இது புதுக் கட்டடம்."

"பழைய ரூம்தான் சார். அதே இடம், அதே கல்லு."

"நின்னவரைக்கும் பழசு. பழச நாங்க தொடமாட்டோம். இடிச்சாச்சுல்ல? இனி கட்டினா இன்னைக்குச் சட்டம்தான். முன்னாடி இவ்வளவு விடணும், பக்கத்துல இவ்வளவு விடணும். விட்டது போக உங்க முன்பக்கத்துல ஒரு குடை விரிக்கலாம், அவ்வளவுதான்."

"நீங்கதானே சார் கோடு போட்டீங்க?"

"போட்டோம். யாரு இடிக்கச் சொன்னது?"

"நோட்டீஸ்ல..."

"நீங்களா இடிச்சுக்கிட்டா கல்லு உங்களுதுன்னு இருந்துச்சு. கல்லு உங்ககிட்டதானே இருக்கு?"

"அப்ப நஷ்டஈடு?"

"நாங்க எடுத்த இடத்துக்குத்தான் நஷ்டஈடு. உங்க இடத்தை யாரும்மா எடுத்தா? பட்டா உங்க பேருலதான் இருக்கு. வரியும் நீங்கதான் கட்டணும்." அம்மாவிடம் திரும்பினார். "பொண்ணு படிச்சிருக்கு போல. இடிக்கிறதுக்கு முன்னாடி இங்க வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அம்மா தலையை ஆட்டினாள். அவர் சொல்வது நியாயம்தான் என்பதுபோல ஆட்டினாள். மகளுக்கு அதுதான் தாங்கவில்லை. அவர்மேல் பாய வேண்டிய கோபம் வெளியே வந்ததும் அம்மாமேல் பாய்ந்தது.

"எதுக்கு அந்தாள்கிட்ட தலையாட்டுற? கேஸ் போடலாம்மா. சட்டத்துல வழி இருக்கும், நான் படிச்சுப் பாக்குறேன்."

"வேணாம்டி," என்றாள் அம்மா. "இன்னும் எதையாவது படிச்சுத் தொலைக்காத."

மெஷினை உள்ளே சமையலறை ஓரத்தில் போட்டுப் பார்த்தார்கள். வெளிச்சம் போதவில்லை. தைத்த சட்டையின் கழுத்து கோணிக்கொண்டு போனது. அடுத்தவர் அடுப்படி வரைக்கும் வந்து அளவு கொடுக்க யாருக்குத்தான் பிடிக்கும்? வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள்.

ஜிகினா ஒருநாள் உள்ளே வந்து உட்கார்ந்தார். "கடைக்குப் பின்னாடி மூலை சும்மாதான் கெடக்குக்கா. மெஷினோட வந்துடுங்க. சம்பளம் போட்டுத் தர்றேன். ஒண்ணே ஒண்ணு, உங்க பழைய ஆளுங்க வந்தா துணிய என்கிட்ட குடுக்கச் சொல்லிடுங்க. கணக்கு என் கையில இருந்தாத்தான் கடைக்கு நல்லது."

மாமா துண்டை உதறிக்கொண்டு எழுந்து வெளியே போனார். அம்மா, "சரிங்க," என்றாள்.

மறுநாள் மெஷினை மாமாவும் மகளும்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கடைக்குள் நுழையும்போது ஜிகினா, "கண்ணாடி, கண்ணாடி, பாத்து," என்று கத்தினார். மெஷினைச் சொல்லவில்லை, தன் ஷோகேஸைச் சொன்னார்.

மகள் திரும்பி வந்து முன்னறை இருந்த இடத்தில் நின்றாள். சொந்த மண்தான், ஆனால் அதில் ஒரு கம்பம்கூட நடக் கூடாது. ஒரு ஸ்கூட்டர் நேராக உள்ளே ஏறி வந்தது. யூனிபார்ம் துணிப் பையோடு ஒரு பெண் இறங்கினாள்.

"தைக்கிற அம்மா எங்கம்மா?"

"இங்க இல்லக்கா. பக்கத்துக் கடையில குடுங்க."

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். "வண்டி இங்கயே நிக்கட்டும். காலி இடம்தானே?"

"நிக்கட்டும்," என்றாள் மகள்.