மெல்ச்சோரின் ஸ்வெட்டர்

லீமாவிலிருந்து பல்கலைக்கழகப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் அயகூச்சோ மலைக்கு வருவார்கள். எண்பதுகளில் ராணுவத்துக்கும் கொரில்லாக்களுக்கும் நடந்த சண்டையில் பெரு நாட்டின் மலைச்சனம் என்ன பாடு பட்டது என்று படிக்க வருவார்கள். பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொள்வார்கள். சமையல் என் பொறுப்பு. நடந்ததைச் சொல்வது தொமிங்காவின் பொறுப்பு.

தொமிங்காவின் மகன் மெல்ச்சோருக்கு ஞானத்தாய் நான். கோயிலில் அவன் தலையில் தண்ணீர் ஊற்றியபோது ஏந்திப் பிடித்தவள். அந்த உறவில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவோம். எண்பத்து நாலில், அவனுடைய பதினேழு வயதில், சிப்பாய்கள் அவனை லாரியில் ஏற்றிப் போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அன்று காலை அவன் கழற்றிப் போட்ட பழுப்பு ஸ்வெட்டரைத் தொமிங்கா துவைக்கவேயில்லை. எங்களில் ஒருவர் செத்தால் ஐந்தாம் நாள் அவர் துணிகளை ஆற்றில் துவைப்போம். துவைத்துவிட்டால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அதனால் முப்பத்து நாலு வருஷமாக அது ஒரு மூட்டைக்குள் அழுக்காகவே இருந்தது. அவ்வப்போது எடுத்து முகர்ந்து பார்ப்பாள். "இருக்கான்" என்பாள்.

இதைப் பிள்ளைகளிடம் கடைசி நாள்தான் சொல்வாள். முன்னாலேயே சொன்னால் அதுகளுக்குச் சோறு இறங்காது என்பாள்.

அந்த வருஷம் மலைமேல் இருந்த பழைய ராணுவ முகாமைப் பார்க்கப் போனபோது ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. அராசெலி என்றொரு பெண், குச்சி உடம்பு, உதடெல்லாம் நீலம் பாரித்து நடுங்கினாள். வீட்டுக்கு வந்ததும் தொமிங்கா மூட்டையை அவிழ்த்தாள். ஸ்வெட்டரை எடுத்து அவளுக்குத் தலைவழியாக மாட்டிவிட்டாள்.

"கொமாத்ரே, என்ன பண்ற நீ?" என்றேன்.

"பிள்ளை விறைச்சுப் போகுது. அவன் பக்கத்துல நின்னா அவனே கழட்டிக் குடுத்திருப்பான்."

மறுநாள் காலை ஒரு நெட்டைப் பையன், மழைக்கு நான் கொடுத்த சால்வையைச் சேறும் சகதியுமாக என்னிடம் நீட்டினான்.

"என்னடா, வாங்கினத இப்படியே குடுக்குற? உங்க லீமாவுல சோப்பு தீந்துபோச்சா?"

"சோப்பு இருக்கும்மா. உங்க ஆத்துத் தண்ணியத் தொட்டா விரல் கழண்டு போயிடும்."

"கழண்டா சூப்புல போட்டுக்கறேன், போ. இரவல் துணிய வெளுத்துக் குடுக்கறதுதான்டா மலைக்காரங்க மரியாதை!"

எல்லோரும் சிரித்தார்கள். அராசெலியும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து சோப்பு கேட்டாள். எதற்கு என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் அவள் தொமிங்காவிடம் வந்தாள். கை இரண்டும் சிவந்திருந்தன. ஈர ஸ்வெட்டரை அழகாக மடித்து வைத்திருந்தாள்.

"ரெண்டு தடவ சோப்பு போட்டேம்மா. தண்ணி தெளியுற வரைக்கும் அலசினேன்."

சபாஷ் என்று ஒரு சொல் வரும் என்று நின்றாள், பாவம்.

தொமிங்கா அதை வாங்கி முகத்தில் பொத்திக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை. அப்புறம் என்னிடம் நீட்டினாள்.

"நீ பாரு. என் மூக்கு கிழடாப் போச்சு."

பார்த்தேன். சோப்பு வாசனை. அதற்கு அடியில் ஆற்று வாசனை. வேறு எதுவும் இல்லை.

"கக்கத்துல கொஞ்சம் இருக்கு," என்றேன்.

"உனக்குப் பொய் வராது கொமாத்ரே. விட்டுடு."

அராசெலிக்கு நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டவள் அப்படியே மண்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிடி. உனக்கு எப்படித் தெரியும்? சொல்லாம மாட்டிவிட்டது நானு," என்று தொமிங்கா அவள் கைகளைத் தன் பாவாடையில் வைத்துத் தேய்த்துச் சூடேற்றினாள்.

"என் வாயால வந்தது எல்லாம்," என்றேன். தொமிங்கா அதைக் காதில் வாங்காமல் அராசெலியிடம் கேட்டாள்:

"தனியாவா துவைச்ச?"

"ஆமாம்மா."

"தனியாத் துவைக்கக் கூடாது. பேச ஆள் வேணும். அழ ஆள் வேணும்." என் பக்கம் திரும்பினாள். "பெத்தவ கை படக் கூடாது. ஞானத்தாய்தான் செய்யணும். இத்தன வருஷமா உன்னச் செய்ய விடல நான். நாதியத்தவன் மாதிரி அவன் போக வேணாம். நீ ஒரு தடவ அலசிடு."

மூன்று பேரும் ஆற்றுக்குப் போனோம். மற்றப் பிள்ளைகள் மேட்டிலேயே நின்றுவிட்டார்கள். பெற்றவள் பார்க்கக் கூடாது. தொமிங்கா ஆற்றுக்கு முதுகு காட்டிக் கல்லில் உட்கார்ந்தாள். நான் ஸ்வெட்டரின் ஒரு கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினேன். அராசெலி மற்றக் கையைப் பிடித்தாள். அவன் தவழ்ந்தது, என் கோழியைத் துரத்தியது, எல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அலசினேன். சுத்தமான துணி. போக ஒன்றுமே இல்லை.

"முடிஞ்சுதா கொமாத்ரே?" திரும்பாமலே கேட்டாள்.

முடிந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது.

"இன்னும் கொஞ்சம்," என்றேன்.

மலையிலிருந்து வெயில் இறங்கிப் போயிற்று. என் விரல்களில் உணர்ச்சியே இல்லை.

"முடிஞ்சுதா?"

நான் ஸ்வெட்டரை மறுபடி தண்ணீருக்குள் அமுக்கினேன். அராசெலி என்னைப் பார்த்தாள். பிறகு தொமிங்காவின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா."