கங்காணிக்கு ஒரு கேதம்

அருணா வீட்டுப் பூனை செவ்வாய்க்கிழமை காலையில் செத்துப்போனது. அதற்கு அந்த வீட்டில் நடந்த மொத்த இரங்கல் கூட்டம் இவ்வளவுதான். மாமனார் ராக்கையா, "பூனதான, குழியத் தோண்டிப் பொதச்சிட்டு வந்து சோத்தப் போடு" என்றார். புருஷன் ஜெகதீஷ் ஏலக்காய்க் கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே, "விடு, வேற ஒண்ணு புடிச்சிட்டு வந்தாப் போச்சு" என்றான். கறிவேப்பிலை தீர்ந்துபோனதற்குக்கூட அவன் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வருத்தப்படுவான். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள்.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் அருணாதான் குழி தோண்டினாள். மண்ணை மூடிவிட்டு, அழுகை வருமா என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தாள். வரவில்லை. பூனைக்காக அழுகிறவளைப் போடியில் எந்தத் தெருவும் மதிக்காது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து தொலைத்ததால் அழுகை தொண்டையிலேயே குந்திக்கொண்டு, மேலேயும் வரமாட்டேன் கீழேயும் போகமாட்டேன் என்றது.

பூனையின் பெயர் கங்காணி. பிறந்த நாளிலிருந்து ஒரு துரும்பை எடுத்துப் போட்டதில்லை. அடுத்தவர்கள் வேலை செய்வதை மதில்மேல் உட்கார்ந்து அரைக்கண்ணால் மேற்பார்வை பார்ப்பதோடு சரி. எலி வந்தால் எழுந்து எலிக்கு வழி விடும். மீன் குழம்புச் சட்டியின் மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாலும் எப்படியோ திறந்துவிடும். ஒரு தடவை ஜெகதீஷ் வியாபாரிக்குக் காட்டுவதற்காக வீட்டில் வைத்திருந்த முதல்தர ஏலக்காயின் மேல் இரவெல்லாம் படுத்து உருண்டது. அவன் அதைக் கொண்டுபோய் மதுரை வியாபாரி ஒருவரின் உள்ளங்கையில் கொட்டினான். அவர் காயை மோந்து பார்த்துவிட்டுத் தும்மினார். பிறகு, "ஏன் தம்பி, ஒங்க மலையில காய்க்கு மயிரு மொளைக்குதா?" என்று கேட்டார்.

இதையெல்லாம் அருணா எழுதிவந்தாள். 'கரித்துணி' என்று ஒரு வலைப்பூ வைத்திருந்தாள். ஊர் உலகமே வீடியோவுக்கு ஓடிவிட்ட பிறகும் வலைப்பூவைக் கட்டிக்கொண்டு அழுகிற கடைசி ஆள் தான்தான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். கருகிய ரசம், புருஷனின் குறட்டை, மாமனார் தலைக்குச் சாயம் பூசுகிற வைபவம் எல்லாம் அதில் வரும். ஆனால் கதாநாயகன் கங்காணிதான். சனியன், எடுபட்ட பய, களவாணி என்று அவனைத் திட்டாமல் ஒரு பதிவும் வெளியானதில்லை. வாசகர்களும் அந்த வசவுக்காகத்தான் வந்தார்கள். பின்னூட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் கனடா, துபாய் என்று கண்காணாத இடங்களில் இருந்தார்கள். போடிக்காரர் ஒருவரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் அவள் மாமனாரின் சாயத்தில் கை வைத்தாள்.

பூனையைப் புதைத்த அன்று மத்தியானமும் எழுத உட்கார்ந்தாள். சாவைப் பற்றி எழுத அவளுக்குத் தெரிந்த தமிழ், பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் தமிழ் ஒன்றுதான். 'கண்ணீர் அஞ்சலி. எங்கள் இல்லத்தின் மேற்பார்வையாளரும், மீன் குழம்பின் காவலரும், மதில்சுவரின் நிரந்தரத் தலைவருமான திருவாளர் கங்காணி அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் பிரிவால் வாடும்: அருணா.' வாடுவோர் பட்டியலில் இன்னும் யாரையாவது சேர்க்கலாமா என்று யோசித்தாள். ஒருவரும் தேறவில்லை.

கனடா சிரித்தது. துபாய் விழுந்து விழுந்து சிரித்தது. 'அக்கா, செம!' என்றார் ஒருவர். 'பய எந்தச் சட்டிய உருட்டிட்டு ஒளிஞ்சிருக்கான்?' என்று கேட்டார் இன்னொருவர். ஒரு மனிதர்கூட நம்பவில்லை. ஊரைச் சிரிக்க வைத்தே பழக்கியவளுக்கு இது வேண்டியதுதான். 'ஐயா, நிஜமாகவே செத்துவிட்டது' என்று தட்டிப் பார்த்து அழித்தாள். துக்கத்துக்குக் கோனார் உரை எழுதுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி இந்த எழவே வேண்டாம், மொத்தத்தையும் அழித்துவிடுவது என்று முடிவு செய்தாள். மறுநாள் வெயில் தாழ்கிற நேரத்தில் அதற்கான பக்கத்தைத் திறந்தாள். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று அது கேட்டது. அவள் விரலைக் கொண்டுபோனாள்.

தெருமுனையில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. அதிலிருந்து ஒப்பாரி கிளம்பியது.

போடிப் பக்கம் பெண்கள் சாவு விழுந்த கேத வீட்டுக்குப் பூனைமாதிரி நடந்துவந்து நுழைகிற வழக்கம் கிடையாது. தெருமுனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு, அங்கிருந்தே குரலெடுத்துக்கொண்டு வரவேண்டும். வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் குரலின் கனத்தை வைத்தே செத்தவருக்கு என்ன வயதிருக்கும் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் அந்தத் தெருவில் உண்டு. யார் வீட்டில் கேதம் என்று பார்க்க அருணாவும் வாசலுக்கு ஓடினாள். மலையில் ஏலக்காய் எடுத்துவிட்டு இறங்கிய பெண்கள், இடுப்பில் கட்டிய சாக்கும் கறைபிடித்த விரல்களுமாக ஒரு ஜீப்பு நிறைய வந்துகொண்டிருந்தார்கள். நேராக அவள் வீட்டுக்கே வந்தார்கள். முன்னால் வந்தவள் அருணாவை எட்டிக் கட்டிக்கொண்டு பாடினாள்.

"மூடி வச்ச சட்டியெல்லாம் – என் ராசா
மூக்கால தொறப்பியே
மொறச்சுப் பாக்க ஆளில்லாம – என் ராசா
மதிலு மொட்டையாப் போயிருச்சே!"

அருணாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது அவள் எழுதிய சட்டி. அவள் எழுதிய மதில்.

பக்கத்து வீட்டு மொக்கையனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. அவருக்கும் ராக்கையாவுக்கும் சாக்கடைத் தண்ணீர் விஷயமாகப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒப்பாரி கேட்டதும் எழுந்தார், அடுத்த வீட்டில் போகிற வயதில் யார் இருக்கிறார் என்று கணக்குப் போட்டார், கடைத்தெருவுக்கு ஓடினார். ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் பெண்டாட்டி செருப்புமாக ஓடினார். போகிற வழியிலேயே பந்தல்காரனுக்குக் குரல் கொடுத்தார். சங்கு ஊதுகிறவருக்குப் போன் போட்டார். பூக்கடையில் இருந்ததிலேயே பெரிய ரோஜா மாலையை வாங்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கூட்டத்தை விலக்கி உள்ளே வந்தார்.

"யே ராக்கையா! சாக்கடத் தண்ணிக்காக மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சேனே! ஒரு வார்த்த பேசாமப் போயிட்டியேய்யா!"

"எவன்டா அது?" என்று குளியலறைக் கதவு திறந்தது.

ராக்கையா இடுப்பில் துண்டோடு வந்து நின்றார். தலை முழுக்கக் கறுப்புச் சாயம் அப்பியிருந்தது. மீசையில் ஒரு பக்கம் கறுப்பு, இன்னொரு பக்கத்துக்கு இன்னும் முறை வரவில்லை. கையில் பிரஷ். அவர் மொக்கையனைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், வாசல் நிறைய நின்ற தெருவைப் பார்த்தார். "யாருடா செத்தது?" என்றார், கொஞ்சம் பயந்துபோய்.

ஒப்பாரி நின்றது. மொத்தத் தெருவும் அருணாவைத் திரும்பிப் பார்த்தது. செய்த குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல அவள் சொன்னாள்.

"பூன மாமா. நம்ம கங்காணி."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. பூமி பிளந்தால் நேராக முருங்கை மரத்தடிக்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

"எவ அவ சிரிக்கிறது?" என்று ஒரு குரல் வந்தது. அருணாவைக் கட்டிக்கொண்டிருந்தவள்தான். பெயர் அமுதவள்ளி என்று பிறகு தெரிந்தது. "கேதத்துக்கு வந்த எடத்துல என்ன சிரிப்பு? நாங்க மேல காட்டுக்குக் காய் எடுக்கப் போற ஆளுக. விடியக் கெளம்பிப் போறோம். அடிவாரத்துல முந்தல் தாண்டுனா டவரு கெடைக்காது. அதுக்குள்ள அக்கா எழுதுனதத் தொறந்து வச்சுக்கிட்டு வளைவுக்கு வளைவு நான் சத்தமா வாசிப்பேன். சிரிச்சுக்கிட்டே ஏறுனா ஒருத்தருக்கும் வாந்தி வராது. எங்கள வேல வாங்குற தோட்டத்துக் கங்காணிய எங்களால வாயத் தொறந்து வைய முடியுமா? அக்கா இவுக கங்காணிய வையும்போது எங்களுக்கு வயிறு குளுந்துரும்."

அருணாவுக்கு வாய் குழறியது. "எல்லாரும் வெளாட்டுன்னுல்ல நெனச்சாக… ஒங்களுக்கு மட்டும் எப்படி…"

"ஒரு வசவு இல்லையேக்கா அதுல," என்றாள் அமுதவள்ளி. "சனியன்னு ஒரு வார்த்த இல்ல. திருவாளராம், அவர்களாம்! உசுரோட இருந்தா அந்தக் களவாணிக்கு நீங்க இம்புட்டு மரியாத குடுப்பீகளா? வாசிச்சு முடிச்சதும் ஜீப்புக்குள்ள சத்தமே இல்ல. போடிமெட்டு போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு பேரு வாந்தி எடுத்துட்டாளுக."

"வீடு எப்படித் தெரிஞ்சது?"

"பழைய தியேட்டருக்குப் பின்னாடி, பச்சக் கேட்டு, வாசல்ல ஒடஞ்ச ஆட்டுக்கல்லு, தலச்சாயம் பூசுற மாமனாரு. எல்லாந்தான் எழுதிருக்கீகளே!"

"சாயமா?" என்றார் ராக்கையா. அருணா ஆட்டுக்கல்லைப் பார்த்தாள்.

இதற்கிடையில் மொக்கையன் மெல்லப் பின்வாங்கினார். நழுவ முடியவில்லை. கேத மாலையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கடையில் திருப்பிக் கொடுத்தால் பூக்காரி அடிக்க வருவாள். உயிரோடு நிற்கிற ஆளின் கழுத்தில் போட முடியாது. இன்னொருவர் வாசலில் வைத்தால் வெட்டுக்குத்து ஆகிவிடும். மாலையைப் பிடித்த கையை உடம்பில் படாமல் நீட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கா வாங்குன?" என்றார் ராக்கையா. பல வருஷத்துக்குப் பிறகு அவர் மொக்கையனிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"பின்ன, ஒன் பூனைக்கா?"

"ரோசாப்பூவா!"

"பூக்காரி மொதல்ல செவ்வந்திதான் எடுத்தா. நாந்தான், அந்தாளுக்குச் செவ்வந்தி பத்தாது, ரோசாவே குடுன்னேன்."

ராக்கையா நெற்றியில் வழிந்த சாயத்தைப் புறங்கையால் துடைத்தார். அது முகமெல்லாம் அப்பிக்கொண்டது. பிறகு, "வா, அங்கிட்டுப் போவோம்" என்று கொல்லைப்பக்கம் நடந்தார். சண்டைக்குக் காரணமான அதே சாக்கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். மொக்கையன் ஜோடி சேராத செருப்புகளோடு தடுமாற, ராக்கையா கையைக் கொடுத்துத் தாண்டிவிட்டார். பின்னாலேயே பெண்களும் தெருவும் போனார்கள்.

முருங்கை மரத்தடியில் ஈரமண் லேசாக மேடு தட்டியிருந்தது. ராக்கையா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூனைதானே என்று சொன்ன வாய்தான். ஆனாலும் மாலை போடுவதென்றால் முறையாகப் போடவேண்டும் என்பதில் அந்த ஆள் கெட்டி.

"தல எந்தப் பக்கம் ஆத்தா?" என்று மருமகளைக் கேட்டார்.

"அடுப்படிப் பக்கமா வச்சிருக்கேன் மாமா."

மொக்கையன் குனிந்து அடுப்படிப் பக்கமாகத் தலைமாடு பார்த்து மாலையை வைத்தார். ஆள் மாலை அல்லவா, பூனை மேட்டை முழுசாக மூடிவிட்டு இன்னும் மிச்சம் இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதுகிறவர் வந்து சேர்ந்தார். சாயம் வழிய நின்ற ராக்கையாவை ஏற இறங்கப் பார்த்தார். "பெறகு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரு சிரித்தது. ராக்கையாவும் சிரித்தார். அருணாவுக்கு மட்டும் சிரிப்பும் வரவில்லை, அந்தப் பாழாய்ப்போன அழுகையும் வரவில்லை. வந்தவர்களுக்குக் காப்பியாவது கொடுப்போம் என்று அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தாள். இத்தனை பேருக்குத் தம்ளர் தேறுமா என்று கவலையாக இருந்தது. சட்டி மூடியின் மேல் அம்மிக் குழவி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு, "இருங்க, காப்பி கலக்குறேன்" என்று சொல்ல வாசலுக்கு வந்தாள்.

பெண்கள் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அமுதவள்ளி நடந்துகொண்டே அவிழ்த்த கூந்தலை அள்ளி முடிந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தியும் போய்ட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. ஒவ்வொருத்தியாக ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். ஜீப்பு கிளம்பியது.

வேறு எந்த வீடாக இருந்தாலும் அது மரியாதைக் கேடு. கேத வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் போவார்கள். ஆள் செத்த வீட்டில்தான் சொல்லாமல் போவார்கள்.

அருணா கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூக்கொழுக, தோள் குலுங்க, தெரு பார்க்கப் பார்க்க அழுதாள். உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைத்தது. ஜெகதீஷ் கடையிலிருந்து வந்து வண்டியை நிறுத்திவிட்டு, பெண்டாட்டி அழுவதையும், வீட்டு வாசலில் பந்தல்காரன் பந்தக்கால் இறக்குவதையும், அப்பா கறுத்த முகத்தோடு மொக்கையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதையும் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தான். யாரும் அவனுக்கு விளக்கம் சொல்லவில்லை.

வலைப்பூவை அவள் அழிக்கவில்லை. மறுநாள் விடியற்காலை வாசல்கூடத் தெளிக்காமல், ஜீப்பு முந்தலைத் தாண்டுவதற்குள் போட்டுவிட வேண்டுமே என்று வெரசாகத் தட்டினாள். இப்படி ஆரம்பித்திருந்தாள்:

'எடுபட்ட சனியன், என் மாமனாருக்கு வாங்கின மாலையையும் களவாண்டுவிட்டது.'