கண்ணாடித் தட்டில் ஒரு முதுகு

தப்பு என்னுடையதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என்னிடம் நியாயம் பேச வேண்டாம்.

1927, சித்திரை மாதம். ராயபுரத்தில் ராமதாஸ் நாயுடுவின் போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு வேலை. கண்ணாடித் தட்டில் விழுந்த படத்தில் கல்யாணப் பெண்களின் அம்மைத் தழும்புகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடைப்பேன். பிறகு மொட்டை மாடி வெயிலில் வைத்துத் தாளில் அச்செடுப்பேன். பட்டம்மாள் கை பட்டால் தழும்பு இருந்த இடமே தெரியாது என்று நாயுடு ஊரெல்லாம் சொல்வார். என் முகத்துக்கு நேரே மட்டும் சொல்ல மாட்டார்.

அந்த வருஷம் திருவொற்றியூரை முழுக்கப் படம் பிடித்து ஆல்பம் செய்து தரும்படி அவருக்கு ஆர்டர் வந்திருந்தது. தேரடி, ரயிலடி, உப்பு ஆபீஸ், மீன் மார்க்கெட் என்று கட்டடம் கட்டடமாக, அங்கங்கே இருக்கும் ஜனங்களோடு. கடைசியாகப் பாக்கி நின்றது ஆலையின் புதுக் கேட். இன்னும் பெயர்ப்பலகைகூட மாட்டவில்லை. இவர் கேமரா முக்காலியை நிறுத்திய நேரம் பார்த்தா அங்கே தகராறு வெடிக்க வேண்டும்? வேலைநிறுத்தக் கூட்டத்தில் ஒருவன் கல்லை ஓங்கினான். நாயுடு கேமராவை அமுக்கினார். அந்தக் கல் ஆலை மேஸ்திரியின் மண்டையில் விழுந்தது. அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அவர் செத்தால் எறிந்தவனுக்குத் தூக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்து ஸ்டுடியோவில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்குப் புதுசு. "சீக்கிரம் பட்டம்மா, சீக்கிரம்!" என்று நாயுடு கத்திய கத்தலில் எனக்குக் கை ஓடவில்லை. தட்டின் மருந்து பூசிய பக்கம் தாளோடு ஒட்ட வேண்டும். நான் திருப்பி வைத்துவிட்டேன். அப்படி வைத்தால் படம் இடம் வலமாக மாறிவிடும், மங்கலாகவும் விழும். மங்கலாக இருந்ததைப் பார்த்தேன். வெயில் போதவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கொடுத்தனுப்பினேன்.

அந்தப் படத்தில் கல்லை ஓங்கியவனின் முதுகுதான் தெரிந்தது. வெற்றுடம்பு, தலையில் முண்டாசு, இடது கையில் கல். அந்த ஆலையில் பீச்சாங்கைக்காரன் என்றால் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆள் கிருஷ்ணப்பன். மத்தியானத்துக்குள் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் ஆல்பத்துக்காக அதே தட்டைச் சரியாக வைத்து அச்செடுத்தேன். படம் துல்லியமாக விழுந்தது. கல் வலது கையில் இருந்தது. வலது தோள்பட்டைக்குக் கீழே வெற்றிலை அளவுக்கு ஒரு கருந்தழும்பு, மங்கலான படத்தில் அது தெரியவே இல்லை. அது நான் போட்ட தழும்பு. ஒன்பது வயதில் கொதிக்கிற கஞ்சிப் பானையைத் தூக்கப் போய்த் தம்பி மேல் கொட்டிவிட்டேன். படத்தில் நின்றது என் தம்பி திருமலை.

படத்தைக் கிழித்துப் போட்டேன். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. கிருஷ்ணப்பன் எனக்கு என்ன உறவா, ஒட்டா என்று கேட்டுக்கொண்டேன். வாய்தான் கேட்டது. மனசு ஒப்பவில்லை.

நாலாம் நாள் கிருஷ்ணப்பன் பெண்சாதி சொக்கம்மாள் மீன் கூடையோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். நாயுடு வெளியே போயிருந்தார்.

"அக்கா, அந்தப் படத்த ஒரு தபா காட்டுக்கா. எத்த வெச்சி எம் புருசன இட்டுகினு போனாங்கன்னு நா பாக்கணும்."

தட்டைத் திருப்பி வைத்து எடுத்த படத்தில் இன்னொரு பிரதி இருந்தது. இவள் என்ன கண்டுபிடிக்கப் போகிறாள் என்ற தைரியத்தில் எடுத்துக் கொடுத்தேன். அவள் கல் ஓங்கியவனைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் மீன் கூடைகளோடு நின்ற பெண்களைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? அல்லாரும் சோத்தாங்கைப் பக்கம் மாராப்பு போட்டுகினு கீறாளுங்க?"

படத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன், அவள் விடவில்லை.

"எவளாவது அப்டி போடுவாளா? இதோ, இது பூமாரி. இது நானு. நானே நின்னுகினு கீறேன்க்கா! என் மாராப்பு எந்தத் தோள்ல கீதுன்னு எனுக்குத் தெரியாதா?"

நாயுடு பார்த்தார், இன்ஸ்பெக்டர் பார்த்தார், மீசை வைத்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை! இனி மறைக்க முடியாது. அவள் நேரே ஸ்டேஷனுக்குப் போய்க் கத்துவாள்.

"படம் திரும்பிப்போச்சுடி," என்றேன். "கல்லு சோத்தாங்கைல தான் இருந்துச்சு."

அவள் பொத்தென்று என் காலில் விழுந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"இரு. சரியான படம் எடுத்துகினு வரேன்," என்று மாடிக்கு ஏறினேன். கதவைத் தாழ் போட்டேன். தட்டைச் சாய்மேஜையில் வைத்துப் பென்சிலைச் சீவினேன். கீழே சொக்கம்மாள், "ஆச்சாக்கா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தம்பியின் தழும்பைப் புள்ளி புள்ளியாக அடைத்தேன். பிறகு வெயிலில் அச்செடுத்தேன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சொக்கம்மாள் தன் மாராப்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அவர் முகம் கறுத்தது.

"அப்ப இவன் யாரு?"

"முதுகுதானேங்க ஐயா. எனக்கெப்படித் தெரியும்?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு கிருஷ்ணப்பனைக் கொண்டுவரச் சொன்னார். அவன் இடது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. புதுப் படத்தை அவனிடம் நீட்டினார்கள்.

"நீயும் அந்தக் கூட்டத்துல இருந்தவன்தானே," என்றார் இன்ஸ்பெக்டர். "இவன் யாருன்னு சொல்லு, இப்பவே வீட்டுக்குப் போ."

கிருஷ்ணப்பன் அந்த முதுகை வெகுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"தெர்ல சாமி," என்றான்.

"சோத்தாங்கைக்காரனைத் தேடணும்னா நான் என்னையும் சேர்த்துத்தான் பிடிக்கணும்," என்று இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார். ஒரு மணி நேரம் காக்க வைத்து அவனை வெளியே விட்டார்.

சொக்கம்மாள் தண்ணீர் வாங்க ஓடினாள். கிருஷ்ணப்பன் சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்.

"நல்லா அழிச்சிகீறக்கா. தழும்பு இருந்த எடமே தெர்ல."

"உனுக்குத் தெரியுமாடா?"

"பக்கத்துல தானே நின்னேன். கல்லு எட்த்ததுமே கையப் புடிச்சேன், உதறிட்டான்."

"சொல்லித் தொலைக்கறதுதானே, பாவி!"

"சொல்லிட்டு? அப்பால எந்த மூஞ்ச வெச்சிகினு அவனுங்களோட கேட்டாண்ட போயி நிக்கிறது?" கையைத் தூக்கிக் காட்டினான். "இவனுங்க அடிச்சதுல ரெண்டு வெரலு மடங்க மாட்டேங்குது. அவ்ளோதான். நீ வூட்டுக்குப் போக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அவன் எதற்காக மூடியிருந்தான், நான் எதற்காக மூடியிருந்தேன்!

வீட்டில் திருமலை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கல்லை எறிந்த அந்தக் கையால்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசியில், "பயப்படாதடா, தழும்ப அழிச்சிட்டேன். இனிமே யாராலயும் கண்டுபுடிக்க முடியாது," என்றேன்.

அவன் தட்டை நகர்த்தினான். கையைக் கழுவினான். கொடியிலிருந்த சட்டையை எடுத்தான்.

"எங்கடா போற? மேஸ்திரி இன்னும் கண்ணத் தொறக்கலடா!"

"மொதோ கிருஷ்ணப்பன் வூட்டுக்கு. அப்பால ஸ்டேசனுக்கு."

"அதான் அழிச்சிட்டேன்னு சொல்றேன்ல!"

"நீ படத்துல தானே அழிச்ச," என்றான். "என் முதுகுல கீதுக்கா."

சட்டையை இடது தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். தெருக்கோடி வரைக்கும் அந்தத் தழும்பு எனக்குத் தெரிந்தது. நான் அவனைக் கூப்பிடவில்லை.