ஏற்கெனவே பார்த்தவர்

'பகல் வண்டியில் பாகவதர்' படத்துக்குள் நானும் என் மனைவி அம்சவேணியும் வருடத்துக்கு ஒரு முறை போய்வருவோம். காணும் பொங்கலன்று போவது வழக்கம். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ஜன்னலோரம் கிடைக்கும்.

படம் வந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. அதில் வரும் ரயில்வண்டி இன்னும் நிரம்பித்தான் ஓடுகிறது. உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. படிக்கட்டில் கால் வைத்ததும் அம்சவேணியின் அரக்குச் சேலை சாம்பலாகிவிடும். என் கையும் சாம்பலாகிவிடும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கதை ஊருக்கே தெரிந்ததுதான். கச்சேரிக்குப் போகிற பாகவதர் ஒருவர் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தபடியே செத்துப்போகிறார். பழி தங்கள் தலையில் விழுந்துவிடும் என்று பயந்து, அவருடைய பக்கவாத்தியக்காரர்கள் இருவரும் பிணத்தைப் பெட்டி விட்டுப் பெட்டி தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். பரிசோதகர் வந்து கேட்கும்போது பிணத்திடம் டிக்கெட் இருக்கிறது. தூக்கி வந்தவர்களிடம் இல்லை. அந்த இடத்தில் வண்டியே குலுங்கிச் சிரிக்கும். பிறகு கதவிடுக்கில் ஒரு கை தெரியும். அது கொலைகாரனின் கை. போன வருடம் அதைப் பார்த்துப் பயந்தவர்களே இந்த வருடமும் பயந்து, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். தெரிந்த கதைக்கு எதற்கு இந்தப் பயம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நான் எல்லோருக்கும் ஒரு நொடி முன்னால் சிரிப்பேன். ஏற்கெனவே பார்த்தவன் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஏறியதும் பரிசோதகர் படிவம் கொடுப்பார். பார்க்காதவர்களுக்கு வெள்ளைத் தாள், ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு நீலத் தாள். அங்கே இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரியும். ஆனாலும் அவர் மாற்றிக் கொடுத்ததில்லை. நீலத் தாளில் ஒரே ஒரு கேள்வி இருக்கும். கொலைகாரர் யார்? நான் 'காபிக்காரர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். முப்பத்தெட்டு வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன்.

உண்மையில் எனக்குத் தெரியாது. அந்தப் படத்தின் முடிவை நான் பார்த்ததில்லை.

கல்யாணமான பதினான்காம் நாள் மாயவரத்தில் மாமனார் வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். கொட்டகையில் இந்தப் படத்தை மறுபடி போட்டிருந்தார்கள். அம்சவேணியின் அண்ணன்கள் மூன்று பேரும் கூட வந்தார்கள். மாப்பிள்ளை பார்த்த படம்தானே என்று அவர்களில் பெரியவர் கேட்டார். பார்க்காதவன் மனிதனே இல்லை என்பது போல இருந்தது அவர் கேட்ட விதம். மூன்று தடவை பார்த்தாயிற்று என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். இடைவேளையில் முறுக்கைக் கடித்தபடி அம்சவேணியின் காதில், காபிக்காரன்தான் கொன்றவன், பார்த்துக்கொண்டே இரு என்றேன். காபியில் விஷம் என்றால் வேறு யாராக இருக்க முடியும்? அவள் கண்ணை அகலத் திறந்து, அப்படியா என்றாள்.

படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளுக்குத் தலைவலி வந்தது. நாங்கள் இருவரும் எழுந்து வந்துவிட்டோம். எனக்கும் அந்தத் தலைவலி வசதியாகப் போயிற்று.

அதிலிருந்து இந்த வண்டியிலும் அப்படித்தான். கடைசிக்கு மூன்று ஸ்டேஷன் முன்னால், நாவல்குளத்தில், பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று அம்சவேணி எழுந்துகொள்வாள். நாங்கள் இறங்கிவிடுவோம். கடைசிப் பெட்டி மறைகிறவரை அவள் நின்று பார்ப்பாள். பிறகுதான் நடப்பாள். முப்பத்தெட்டு வருடமாக அந்தப் பால் அடுப்பில் இருக்கிறது. இன்னும் பொங்கவில்லை.

இந்த வருடம் நாவல்குளம் வரவில்லை.

எதிர் இருக்கையில் ரங்கமன்னார் என்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். படத்தை இப்போது புதுப்பித்திருக்கிறார்கள், சுருளிலிருந்த கோடும் புள்ளியும் துடைத்தபோது அந்த ஸ்டேஷனும் சேர்ந்து போய்விட்டது என்று அவர் சொன்னார். சொல்லும்போதே அவருடைய வலது கை மேலே போய்க் கூரையைப் பிடித்துக்கொண்டது. திரும்ப இறங்கவில்லை. சற்று நேரத்தில் அவர் அபாயச் சங்கிலியாகிவிட்டார். அவருடைய துண்டை மடித்து அவர் இருக்கையிலேயே வைத்தேன்.

அம்சவேணி கதவருகே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பால் என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

அப்போது பெட்டியின் அந்தக் கோடியில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். அரைக்கால் சட்டையும் உயரத் தொப்பியும் போட்டிருந்தார்கள். எங்களை நோக்கி நடந்து வந்தார்கள். அவர்கள் நடக்க நடக்க நடைவழி நீண்டுகொண்டே போனது. எப்படியும் கால்மணி நேரம் ஆகும் என்று தோன்றியது.

அவர்களுக்கு முன்னால் காபிக்காரர் வந்தார். படத்தில் பாகவதருக்குக் காபி கொடுக்கிறவர் அவர்தான். சூசைராஜ் என்று சட்டைப்பையில் பெயர் தைத்திருந்தது. எனக்கு ஒரு டம்ளர் காபி நீட்டினார். கைவிலங்குக்குப் பழகிய கை. மணிக்கட்டில் தழும்பு இருந்தது.

"நீங்க இறங்கின அப்புறம் வருஷா வருஷம் என்னைத்தான் பிடிச்சிட்டுப் போறாங்க சார்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மற்றவர்களும்தானே படிவம் எழுதுகிறார்கள் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் விளக்கினார். மற்றவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதில்லை. பார்த்தவர்கள் முடிவைச் சொல்லக் கூடாது என்பது ஒரு மரியாதை. கோடு போட்டுவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். வண்டி முழுக்கத் தேடினாலும் போலீசுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு கையெழுத்து.

எனக்குக் காது சூடாகியது. முப்பத்தெட்டு வருடமாக நான் பார்க்காதவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பரிசோதகர் அதைப் படித்துவிட்டுத்தான் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்.

சூசைராஜுக்குப் படத்தில் இரண்டே காட்சிகள். காபி கொடுப்பது ஒன்று. சிந்தியதைத் துடைப்பது இன்னொன்று. அதன் பிறகு இறங்கி வீட்டுக்குப் போக வேண்டியவர். வீட்டில் மகளுக்குக் காதுகுத்து. தோடு இவருடைய பையில் இருந்தது. தொட்டுக் காட்டினார்.

"பொண்ணு மாமன் மடியில உக்காந்தபடியே இருக்கு சார். ஆசாரியும் ஊசியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கறார்."

போலீஸ்காரர்கள் நெருங்கிவிட்டார்கள். ஒருவர் கையில் என் நீலத் தாள் இருந்தது. சூசைராஜ் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே கையை நீட்டினார்.

நான் எழுந்து சங்கிலியைப் பிடித்தேன். சங்கிலி கனைத்தது.

"காரணம் இல்லாம இழுக்கக் கூடாது. என்ன காரணம்?" என்றார் ரங்கமன்னார்.

வயிற்றுவலி என்றேன். அது காரணமில்லை என்றார். பால் அடுப்பில் இருக்கிறது என்றேன். அது இந்த அம்மாவுடைய காரணம், உங்களுடையதைச் சொல்லுங்கள் என்றார். தலைமையாசிரியர் குரல் அப்படியே இருந்தது. பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் அம்சவேணியின் அண்ணன்கள் மூன்று பேரும் இருந்தார்கள். அன்றைக்குக் கொட்டகையில் இருந்த வயதிலேயே இருந்தார்கள். பெரியவர் வாயில் பாதி முறுக்கு இருந்தது.

ஒரு கணம் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இன்னொரு காபிக்காரர் கிடைக்காமலா போய்விடுவார் என்றுகூட நினைத்தேன். விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

"நான் இந்தப் படத்தைப் பாத்ததில்ல" என்றேன்.

சத்தம் சரியாக வரவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார் ரங்கமன்னார். சொன்னேன். வண்டி நின்றது.

போலீஸ்காரர்கள் என் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, தொப்பியைத் தொட்டு மன்னிப்புக் கேட்டு, விலங்கைக் கழற்றினார்கள். சூசைராஜ் வயல் நடுவே இறங்கினார். தரையில் கால் பட்டதும் அவர் சட்டை நீலம் என்று தெரிந்தது. வயலும் பச்சையாக இருந்தது. அவர் வரப்பில் ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை. 

நான் உட்கார்ந்தேன். அம்சவேணியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, உனக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே நாலு தடவ பாத்தாச்சுங்க" என்றாள்.

"அப்ப அந்தத் தலைவலி?"

"அண்ணங்க இருந்தாங்கல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். நான் கணக்கில் புலி இல்லை. ஆனால் இதைக் கூட்டிப்பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான்கு தடவை ஆசைப்பட்டுப் பார்த்த படம். முப்பத்தெட்டுத் தடவை, நல்ல இடம் வரும் நேரமாகப் பார்த்து எழுந்துபோயிருக்கிறாள். நான் தலைகுனியாமல் இருப்பதற்காக. நானோ ஒவ்வொரு முறையும் நடைமேடையில் நின்று, சீக்கிரம் வா, பால் பொங்கிவிடும் என்று அவளையே அவசரப்படுத்தியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என் முழங்கையைத் தட்டினாள்.

"பேசாதீங்க. இனிமேதான் நல்லா இருக்கும்."

வண்டி நகர்ந்தது. பரிசோதகர் வந்து என் நீலத் தாளை வாங்கிக்கொண்டு வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்தார். இந்த முறை நிறம் எனக்கே தெரிந்தது. அதில் கேள்வி எதுவும் இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

பக்கவாத்தியக்காரர்கள் பாகவதரை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் மடியில் மிருதங்கம் இருந்தது. இப்படி ஒரு காட்சி இருப்பது எனக்குத் தெரியாது. பெட்டியே சிரித்தது. மூன்று அண்ணன்களும் சிரித்தார்கள். நான் எல்லோருக்கும் பிறகு சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் கதவு கொஞ்சம் திறந்தது. இடுக்கில் ஒரு கை தெரிந்தது. யாருடைய கை என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அம்சவேணியின் கையைப் பிடித்தேன். யாருடைய கை என்று அவளுக்குத் தெரியும். அவள் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.